வரலாம், வரலாம், போதும்

என்னை நானே திட்டிக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வெங்காயம் கருகினால் ஒரு திட்டு, ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிட்டால் ஒரு திட்டு, செருப்பு வார் அறுந்தால்கூட அதற்கும் நான்தான் பொறுப்பு. தண்டலத்தில் நான் தங்கியிருந்த ஹாஸ்டலில் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே நான் பேசுவது வெளியே வாளியோடு நிற்பவர்களுக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். "யார்கூடக்கா சண்டை? உள்ள வேற ஆளு இருக்கா?" என்று அறையில் இருந்த பெண்கள் கேட்பார்கள். நான் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்து முறைத்துவிட்டுப் போவேன்.

இந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலை. அவள் என்னை அதிகம் திட்டியதில்லை, தன்னைத்தான் திட்டிக்கொள்வாள். குழம்பில் உப்புக் கூடிவிட்டால், "கூறுகெட்ட மூதி, இந்தக் கை எங்க வெளங்கப் போவுது." சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடும்போது, "நானெல்லாம் ஒரு பொம்பளையா." கேட்டுக் கேட்டு எனக்கு அது பாடமாகிவிட்டது. ஒரு தப்பு நடந்தால் அடுத்தபடியாக வாயில் வரவேண்டியது இதுதான் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். ஸ்டோர்ஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பெண்களுக்குப் பயிற்சி தரப்போவதாக ஒருநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். தேறுகிறவர்களுக்கு அங்கேயே நிரந்தர வேலை. எங்கள் ஒப்பந்தமோ முடியும் நிலையில் இருந்தது. முடிந்தால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே அண்ணன் எனக்கு ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தான். மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவரை நான் பார்த்ததே கிடையாது. ஃபோர்க்லிஃப்டைப் பார்த்திருக்கிறேன். நான் ஒட்டிக் கட்டிய பெட்டிகளை அது வந்து அலுங்காமல் தூக்கிக்கொண்டு போகும். அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பவன் யாரிடமும் நகரு என்று கெஞ்சமாட்டான், ஹாரன் அடிப்பான், எல்லோரும் விலகுவார்கள். எனக்கு அந்த சீட் வேண்டும் என்று தோன்றிவிட்டது. சாப்பாடு இறங்காத அளவுக்குத் தோன்றிவிட்டது.

பேர் கொடுத்தது இரண்டே பேர். நானும், பென்னலூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ஒருத்தியும். அவள் உள்ளூர்க்காரி. அவர்கள் வீட்டு நிலம் ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டது. அந்தக் கம்பெனி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, "இங்கதான் எங்க தாத்தா மாடு மேய்ச்சாரு, இப்போ என்னையே உள்ள வுடமாட்றான் பாரு" என்று வாட்ச்மேனிடம் வம்பிழுப்பாளாம். தன்மேல் அவளுக்குப் பெரிய மரியாதை. லாக்கர் அறைக் கண்ணாடியில் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டே, "கெத்துடி நீ" என்று தன்னிடமே சொல்லிக்கொள்வாள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் சேரப்பணஞ்சேரிக்காரர். எங்களைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கலாம். பேச்சைச் செலவழிக்க மாட்டார். வண்டியைப் பற்றி அவர் முதல்நாள் சொன்னது இவ்வளவுதான்: "இதுக்குப் பின்னாடி வீலுதான் திரும்பும். முன்னாடி பாத்துகினு ஒடிச்சா வாலு எங்கனா போய் இடிக்கும். அவ்ளோதான் மேட்டரு." மீதியை வண்டியே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, இடித்து இடித்து.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளிகள் கடல்தாண்டி இருப்பவர்கள், அவர்கள் ஊரிலிருந்து வந்த வழக்கம். எதைச் சரிபார்த்தாலும் விரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டியபின் அதை நோக்கி விரல் நீட்டி "ஸ்டிக்கர் சரி." வண்டியை எடுக்குமுன் மூன்று பக்கமும் விரல் நீட்டி "வலது சரி, இடது சரி, பின்னாடி சரி." சேர்ந்த புதிதில் சிரிப்பு வரும். பிறகு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குக் கிளம்பும்போது அறைக் கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை நோக்கி விரல் நீட்டி "பூட்டு சரி" என்று சொல்லும் பெண்களை எங்கள் ஹாஸ்டலில் பார்க்கலாம்.

இத்தனை பேர் நாள் முழுக்க விரல் நீட்டியும், "சரி இல்லை" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்காததை அப்போது நான் கவனிக்கவும் இல்லை.

முதல் தேர்வன்று ஸ்டோர்ஸ் வாசலில் கம்பெனிப் பெரியவர்கள் நாலுபேர் அட்டையும் பேனாவுமாக நின்றார்கள். சீட்டில் ஏறி பெல்ட் போட்டதும் உள்ளே ஆரம்பித்துவிட்டது. 'ஏட்டி, எல்லாரும் பாக்காவ. தட்டப் போறட்டி. தட்டத்தான் போற. ஒனக்கெல்லாம் எதுக்கு இந்த ஆச.' உள்ளே இப்படி ஓடிக்கொண்டிருக்க, வெளியே என் விரல் தன்பாட்டுக்கு நீண்டது. வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. "வலது சரி! இடது சரி! பின்னாடி சரி!" ரிவர்ஸ் எடுத்தேன். டமார் என்று சத்தம். பின்னால் ஒரு பெரிய நீல டிரம் உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது. நான் ஏறும்போது பயிற்சிக்காரர் வேண்டுமென்றே வைத்த காலி டிரம்.

"இன்னாமா, இம்மாம் பெரிய டிரம்மு கீது, அதுக்கு நேரா கைய நீட்டி சரின்ற? கண்ண எங்க வெச்ச?" என்றார் அவர்.

கண் உள்ளே இருந்தது. நான் என்னைத் திட்டுவதை நானே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எப்படி அவரிடம் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு இறங்கினேன். பென்னலூர்க்காரி எனக்கு அடுத்து ஏறி, "பின்னாடி டிரம்மு கீது சார், எடுக்க சொல்லுங்க" என்று சாவகாசமாகச் சொல்லி, எடுத்தபின் ஓட்டி, ஒரே தடவையில் தேறிவிட்டாள். அன்றைக்கே பேக்கிங்கில் எனக்கு 'சரியக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. கேன்டீனில் தட்டை வைத்தால், "சாம்பார் சரியாக்கா?" என்பார்கள். ஒருநாள் சாம்பாரை அவர்கள் தலையில் கொட்டலாமா என்று இருந்தது.

எனக்கு இன்னும் ஒரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னார்கள். அதுதான் கடைசி.

"இன்னாடி, மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற?" என்று பென்னலூர்க்காரி என்னைக் கேன்டீன் மூலையில் பிடித்தாள். "உன்னையே நீ மட்டமா பேசிகினு இருந்தா அப்புறம் வண்டி எப்டிடி உன் பேச்சக் கேக்கும்? என்னை மாரி சொல்லு. நான் கெத்து. என்னை அடிச்சிக்க ஆளே இல்ல. டெய்லி சொல்லு, தானா வந்துரும்."

எரிச்சலை விழுங்கிக்கொண்டு செய்து பார்த்தேன். ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி, "நான்தான் ராணி, என்னை அடிச்சிக்க ஆளில்ல" என்று முணுமுணுத்தேன். தண்டலத்திலிருந்து ஒரகடம் வரும்வரை ராணியாகவே வந்தேன். அந்த வாரம் பயிற்சியில் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினேன். ராணி மெதுவாகப் போவாளா? வளைவில் சட்டென்று ஒடித்தேன். வண்டியின் வால் வீசிப்போய் ரேக்கின் கீழ்த்தட்டில் இருந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்தது. நல்லவேளை, உள்ளே இருந்தது வெறும் தெர்மாகோல். பனி பெய்ததுபோல் ஸ்டோர்ஸ் முழுக்கப் பறந்தது.

அவ்வளவுதான், பழைய குரல் வட்டியோடு திரும்பி வந்தது. 'ராணியாம் ராணி. கூறுகெட்ட மூதி.' பென்னலூர்க்காரி சொன்ன மருந்தில் பொய் எதுவும் இல்லை. அவளுக்கு அது கேட்டது. அவள் கெத்து என்று சொல்லும்போது அவளுக்குள் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நான் ராணி என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளை அடக்கவே என் பாதி பலம் போயிற்று.

தேர்வுக்கு முந்தைய வாரம். காலை ஷிப்ட் முடிந்து ஒரகடம் கூட்டு ரோடு அருகே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஹாஸ்டலுக்குப் போகவே பிடிக்கவில்லை. பக்கத்துப் பெஞ்சில் கன்டெய்னர் லாரி டிரைவர் ஒருவரும் அவருடைய கிளீனரும் காதுகொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிளீனருக்குத் தலை நரைத்திருந்தது. வழியில் எங்கோ இவர் தூங்கிவிட்டாராம், பாதை தவறி வெகுதூரம் சுற்றி வந்தார்களாம். டிரைவர் அவருடைய குடும்பத்தை இழுக்க, இவர் டிரைவருடைய குடும்பத்தை இழுக்க, டீக்கடைக்காரர் பாதி வசவைத் தாமும் எடுத்துக்கொள்வதுபோல் சிரித்துக்கொண்டே டீ ஆற்றினார்.

அப்புறம் எதிரே இருந்த யார்டுக்குள் லாரியை ரிவர்ஸில் விட வேண்டியிருந்தது. குறுகலான கேட். ஒரு பக்கம் மின்கம்பம், மறுபக்கம் பள்ளம். டிரைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. கிளீனர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றார். போச்சு, இப்போது நடுரோட்டில் இன்னொரு சண்டை என்று நான் நினைத்தேன்.

"வரலாம்... வரலாம்... வரலாம்... லெஃப்ட் ஒடி... இன்னும் ஒடி... நேர் பண்ணு... வரலாம்... வரலாம்... போதும்!" லாரியின் உடம்பில் ஒரு தட்டு. லாரி நின்றது. கம்பத்துக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவு இடம். "முன்னாடி எடு. ரைட் ஒடி. ஆங். இப்ப வரலாம்."

டீ ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நேரம் அந்த டிரைவரை 'நீயெல்லாம் ஒரு டிரைவரா' என்று கேட்ட அதே வாய். பின்னால் போய் நின்றதும் அதில் திட்டு இல்லை. 'நீ பெரிய ஆளு, உன்னால முடியும்' என்கிற புகழும் இல்லை. எவ்வளவு இடம் இருக்கிறது, எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும். இதை மட்டும் அவர் சொன்னார். கம்பத்தை இடித்துவிடுவாய் என்றுகூடச் சொல்லவில்லை, லெஃப்ட் ஒடி என்றார். லாரி உள்ளே போனதும் டிரைவர் இறங்கி வர, இருவரும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

எனக்கு அழுகை வருவதுபோல் இருந்தது. இத்தனை வருஷமாக என் வண்டிக்குப் பின்னால் நின்று நான் கத்திக்கொண்டிருந்தது என்ன? 'இடிக்கப் போற, இடிக்கப் போற.' எந்த டிரைவர்தான் இதைக் கேட்டு ஒழுங்காக ரிவர்ஸ் எடுப்பான்?

மறுநாளிலிருந்து கிளீனர் வேலையை எடுத்துக்கொண்டேன். பேக்கிங்கில் கைவண்டியைத் தள்ளும்போது, "ஏட்டி, வரலாம்... வரலாம்... எடது ஒடி... போதும்." ஹாஸ்டலில் சோறு வடிக்கும்போது, "சரி, துணிய ரெண்டா மடி. புடி. சாய்... சாய்... போதும்." சத்தமாகத்தான் சொன்னேன். மனசுக்குள் சொன்னால் பழைய குரல் நடுவில் புகுந்துவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லும்போது அதற்கு இடமில்லை. தப்புச் செய்தால், "முன்னாடி எடு. திரும்ப வரலாம்." எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் அந்த 'ஏட்டி' மட்டும் பழையதுதான். அதை விட மனமில்லை. திட்டை எடுத்துவிட்டுக் கேட்டால் அந்தச் சொல்லில் எவ்வளவு பிரியம் இருக்கிறது என்று தெரிந்தது.

பயிற்சியில் இதைக் கேட்டுச் சேரப்பணஞ்சேரிக்காரர் வண்டியை நிறுத்தச் சொன்னார். "யாராண்ட பேசிகினு கீற?"

"கிளீனர் கிட்ட."

"எந்தக் கிளீனரு?"

"நாந்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விரல் நீட்டி சொல்றத வுட்றாத. மத்தபடி இன்னாவோ பண்ணு."

அதையும் விடவில்லை, ஆனால் மாற்றிக்கொண்டேன். விரல் நீண்டதும் வாயைக் கொஞ்சம் பிடித்து வைத்தேன். விரல் நுனியிலிருந்து பார்வை போய் எதன்மேலாவது விழுந்து, அது என்னவென்று தெரிந்தபிறகே வாயைத் திறந்தேன். இதற்கு ஒரு மூச்சு நேரம் கூடுதலாக ஆகும். தேர்வில் நேரத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டாம் தேர்வு முற்பகலில் நடந்தது. பெட்டிகள் அடுக்கிய பேலட் பலகை ஒன்றை எடுத்து, கோன்களுக்கு நடுவே வளைந்து போய், ரேக்கில் வைத்துவிட்டு, ரிவர்ஸில் வந்து மஞ்சள் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். அட்டையும் பேனாவும் வந்துவிட்டன. பென்னலூர்க்காரி தன் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தைரியம் வந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், வரவில்லை. கைகள் நடுங்கத்தான் செய்தன.

"ஏட்டி, பெல்ட் போடு. போட்டாச்சு. ஃபோர்க்க எறக்கு. இன்னும். போதும். வரலாம்... வரலாம்..." நடுங்கும் கைக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தால் அது நடுங்கிக்கொண்டே செய்கிறது. ஃபோர்க்கின் இரண்டு இரும்புக் கைகளும் பேலட்டுக்குள் நேராக நுழைந்தன. தூக்கினேன். முதல் கோன், இரண்டாவது கோன். "வாலப் பாரு. வாலு வருது. வரலாம்." ரேக்கில் பெட்டி அலுங்காமல் உட்கார்ந்தது. இனி ரிவர்ஸ் மட்டும்தான்.

விரலை நீட்டினேன். வலது சரி. இடது சரி. பின்னால் திரும்பி விரலை நீட்டியபோது அதன் நேரே ஒருவர் நின்றிருந்தார். எங்கள் பிளான்டுக்கே பெரியவர். காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டே, மஞ்சள் கோட்டைத் தாண்டி என் வழியில் வந்து முதுகைக் காட்டி நிற்கிறார். இவர் யாரும் வைத்த டிரம் இல்லை.

"பின்னாடி சரி இல்ல!" என்றேன்.

குரல் எனக்கே புதிதாக இருந்தது. அட்டையில் எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. அவர் மட்டும் திரும்பவில்லை, போனில் இருந்தார். நேரம் ஓடியது. பழைய குரல் அங்கே வந்தது. வராமல் இருக்குமா? 'பெரியவர்மேல வெரல நீட்டுதியே, கூறுகெட்டவளே. நேரம் போவுது. அவரு தானா நவுந்துருவாரு, எடுட்டி.' இந்த முறை அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரிந்தது. "ஏட்டி, பாத்தாச்சு. ஆளு இருக்கு. நில்லு," என்று வாய்விட்டுச் சொன்னேன். ஹாரன் அடித்தேன். விரலை மடக்கவில்லை. "பின்னாடி சரி இல்ல!"

அவர் திரும்பினார். தன் நெஞ்சுக்கு நேராக நீண்டிருந்த என் விரலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் போனார். நான் பார்த்தேன். தரை காலியாக இருந்தது. "பின்னாடி சரி!" என்று சொல்லி ரிவர்ஸ் எடுத்து, கட்டத்துக்குள் நிறுத்தி, ஃபோர்க்கை இறக்கி, பிரேக் போட்டு, சாவியைக் கையில் எடுத்தேன்.

சேரப்பணஞ்சேரிக்காரர் வந்து, "டைம் தாண்டிருச்சு" என்றார். நான் சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் அட்டையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "அந்த மார்க்கு போச்சு. மத்ததெல்லாம் ஃபுல்லா கீது. பாஸு" என்றார். தள்ளி நின்ற பென்னலூர்க்காரி விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். நான் வண்டியின் பின்பக்கம் போய், யாருக்கும் தெரியாமல் என்றில்லை, எல்லோருக்கும் தெரியவே அழுதேன்.

ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஸ்டோர்ஸில் கொடுத்த ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றாமல் வந்திருந்தேன். அவள் எடுத்தாள், ஆனால் திரையில் எங்கள் வீட்டு ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பாஸ் பண்ணிவிட்டேன் என்றேன். "நெசமாவாட்டி?" என்று கத்தினாள். "ஒன் மொகத்தப் பாக்கணுமே, ஒண்ணும் தெரியலையே." ஃபேன் போய்ச் சுவர் வந்தது, சுவர் போய் அவளுடைய காது வந்தது, பிறகு இருட்டாகிவிட்டது. "எனக்கு எங்க இதெல்லாம் வெளங்கப் போவுது. கூறுகெட்ட மூதி நான். ஒரு போனப் புடிக்கத் தெரியல, நானெல்லாம்..."

"எம்மா," என்றேன். "அப்படிச் சொல்லாத. மொதல்ல வெரல எடு, கேமராவ மறைக்கிது."

வெளிச்சம் வந்தது. கூரை தெரிந்தது.

"இப்ப போன நேரா தூக்கு. வரலாம். இன்னும் தூக்கு... வரலாம்... வரலாம்..."

முதலில் நரைத்த வகிடு வந்தது, பிறகு நெற்றி, பிறகு தீப்பெட்டி மருந்து பட்டுச் சிவந்தே இருக்கும் அந்தக் கண்கள். என்னைத் தேடி அலைந்து, கண்டுபிடித்து, அப்படியே நின்றன.

"போதும்மா," என்றேன். "சரியா இருக்கு."